இடது ஸ்பீக்கர் மேல் விழுந்த பழி

ஆர்விட் லாஹ்டியின் இடது காது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அடைத்துக்கொண்டது. பழி இடது ஸ்பீக்கர் மேல் விழுந்தது.

சாதாரண ஸ்பீக்கராக இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. மரப்பெட்டிக்குள் கூம்பு வைத்த ஸ்பீக்கரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது எருமை, மழையானாலும் வெயிலானாலும் அது பாட்டுக்கு அசை போடும். ஆர்விட் வைத்திருந்ததோ எலக்ட்ரோஸ்டாட்டிக். ஆளுயரத்துக்கும் மேலே கதவு மாதிரி நிற்கும் இரண்டு பேனல். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னும் ஓட்டை போட்ட தகடு, நடுவில் வெங்காயச் சருகின் தடிமன்கூட இல்லாத ஒரு படலம், அந்தப் படலத்தில் சில ஆயிரம் வோல்ட். படலம் நடுங்கினால் பாட்டு. தூசி படிந்தால் முனகும், ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும், கொசு ஒன்று வழி தவறி உள்ளே போனால் 'டிக்' என்று ஒரு சத்தம், அத்தோடு கொசுவின் கதை முடிந்தது. புது மாப்பிள்ளையை மாமியார் வீட்டில் ஒரு வாரம் சீராட்டுவார்கள். இந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் ஆர்விட்டின் மனைவி மார்லிஸ் இருபத்திரண்டு வருஷமாகச் சீராட்டிக்கொண்டிருந்தாள்.

ஆமாம், சீராட்டியது மார்லிஸ்தான். ஆர்விட் கேட்பான், தலையாட்டுவான், குறை கண்டுபிடிப்பான். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய அரை நாள் காத்திருந்து, மென்பிரஷ் மாட்டிய வாக்குவம் கிளீனரைப் பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி பேனல் மேல் ஓட்டுவது மார்லிஸ். குளிர்காலத்தில் சூப்பீரியர் ஏரிக்கரைக் காற்று அப்பளமாகக் காய்ந்துபோகும்போது, ஈரமானியைப் பார்த்துப் பார்த்து அறையில் ஆவி விடுவது மார்லிஸ். பின்சுவரிலிருந்து ஐந்தடி, பக்கச் சுவரிலிருந்து மூன்றடி என்று டேப் பிடிப்பதும் அவள்தான். இந்த ஸ்பீக்கரை ஒரே ஒரு இடத்தில் உட்கார்ந்துதான் முழுசாகக் கேட்க முடியும். அந்த இடத்தில் ஒரு தோல் நாற்காலி. அதன் நான்கு கால்களுக்கும் அடையாளமாகத் தரையில் நான்கு பித்தளை ஆணி. ஆர்விட் அதில் உட்கார்ந்து தாடைக்கடியில் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொள்வான். அதன் வெளிச்சம் பேனலின் உள்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் பிரதிபலிக்க வேண்டும். 'ஒரு மயிரளவு உள்ளே, மார். ஐயோ, அது ரெண்டு மயிரு' என்று அவன் சொல்லச் சொல்ல, அவள் ஆளுயரப் பேனலைத் தள்ளுவாள். ஒரு முறை அதிலேயே ஒரு முழு ஈஸ்டர் விடுமுறை கரைந்து, அடுப்பிலிருந்த பன்றித்தொடையும் கரியானது.

எல்லாவற்றையும் தொடுவாள். நாற்காலியை மட்டும் தொடமாட்டாள். அதற்கடியில் பெருக்குவதென்றால்கூட துடைப்பத்தை நான்கு கால்களுக்கு நடுவே நுழைத்துத்தான் எடுப்பாள். அந்த வீட்டின் பத்துக் கட்டளைகளில் அது முதலாவது. மீதி ஒன்பதை யாரும் சரியாக ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆர்விட் வழக்கம்போலக் காபியோடு வந்து உட்கார்ந்து ஒரு பெண்ணின் பாட்டைப் போட்டான். இரண்டு பேனலுக்கும் நடுவில், அவன் மூக்குக்கு நேரே, அந்தரத்தில் வந்து நிற்க வேண்டிய குரல் வலது பேனலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இடப்பக்கம் வெறும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல். இடது பேனல் கசிகிறது என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. புதன்கிழமை கேபிளை இடம் மாற்றினான். இடது ஊமை. வியாழக்கிழமை ஆம்ப்ளிஃபையரின் வால்வுகளை மாற்றினான். இடது ஊமை. சனிக்கிழமை, பழைய பேனலுக்கு உயிர் கொடுக்க இந்த மாதிரி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் செய்கிற வைத்தியத்தைச் செய்தான். இடது பேனலைக் கழற்றிக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஷவருக்குக் கீழே நிறுத்திக் குளிப்பாட்டினான். லாஹ்டிகள் ஃபின்லாந்துக்காரர்கள் வழியில் வந்தவர்கள்; அவர்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை இல்லாவிட்டாலும் சவுனா என்கிற வெப்பக்குளியல் அறை இருக்கும். குளித்த பேனலை அந்த வெதுவெதுப்பில் இரண்டு நாள் காய வைத்தான். இரண்டு நாளும் மனிதர்கள் யாருக்கும் சவுனா கிடையாது. பேனல் பளபளவென்று வந்தது. மாட்டினான். இடது ஊமை. கடைசியாக வலது பேனலையே இடத்துக்கும் இடதை வலத்துக்கும் மாற்றி வைத்தான். அப்போதும் இடது ஊமை. பழையபடியே திருப்பி வைத்தான்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 'ஸ்ஸ்ஸ்' கேட்கிறதே என்று அவனே ஆச்சரியப்பட்டான். உள்ளே தேங்கிய மின்சாரம் இன்னும் வடியவில்லை என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். படுக்கையறையில் கேட்டபோது வீட்டு வயரிங். கொல்லையில் பனி வாரும்போது கேட்டபோது மின்கம்பம்.

மார்லிஸ் இதையெல்லாம் ஸ்பீக்கர் சீக்கு என்றே நம்பிப் பத்து நாள் பேனலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வியாழக்கிழமைதான் அந்த நம்பிக்கை உடைந்தது. சமையலறை போன் அடித்தது. ஆர்விட் எடுத்து இடது காதில் வைத்து, "ஹலோ, ஹலோ, யாருமே பேச மாட்டேங்கிறாங்க" என்று வைத்துவிட்டான். ஒரு நிமிஷத்தில் மார்லிஸின் கைபேசி அடித்தது. மகள் ஹைடி. அப்பாவிடம் இவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேனே, ஏன் வைத்துவிட்டார் என்று அவள் அழாத குறை.

வெள்ளிக்கிழமை காலை மார்லிஸ் காரேஜில் நின்றுகொண்டு டுலூத் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டாள். பதினோரு நாள் என்றாள் மார்லிஸ். "மேடம், திடீர்னு போன காதுக்கு ரெண்டு வாரம்தான் கணக்கு. அதுக்குள்ள மருந்து உள்ள போனா திரும்ப வாய்ப்பு இருக்கு. அதுக்கப்புறம் நாங்க ஒண்ணும் பெருசா செய்ய முடியாது. நாளைக்கு மத்தியானம் ஒன்றரைக்கு டாக்டர் இருக்கார். அத விட்டா அடுத்த புதன்தான்." அடுத்த புதன் என்றால் பதினாறாம் நாள். போதாததற்குச் சனிக்கிழமை மதியத்திலிருந்து பனிப்புயல் என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அவர்கள் ஊரான டூ ஹார்பர்ஸிலிருந்து டுலூத் இருபத்தேழு மைல், ஏரியை ஒட்டிய ரோடு. புயலில் அந்த ரோட்டில் கடமான்கூட நடக்காது.

அன்றிரவு உணவுக்கு நடுவில் மெதுவாக விஷயத்தை எடுத்தாள். ஆர்விட் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது எடுத்த காதுச் சோதனையைப் பற்றிச் சொன்னான். பதினெட்டு வயசுப் பையன் காது என்று அன்றைக்கு நர்ஸே அசந்துபோனாளாம். ஸ்பீக்கர் ரசிகர்கள் கூடும் வடகரைக் கேட்போர் சங்கத்தின் ஒன்பது உறுப்பினர்களும் புது ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் முதலில் யார் காதுக்குக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டான். சரி, வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு ஒரே ஒரு நிமிஷம் கேட்டுப் பார் என்றாள். அவன் கை தட்டிலிருந்து எழும்பியது, பாதி வழியில் நின்றது, உப்புக் குப்பியை எடுத்துக்கொண்டு இறங்கியது.

"பொருள் சரின்னா ரூம் தப்பு" என்றான். அது சங்கத்தின் வேதவாக்கு. "இடப்பக்கச் சுவரு உள்ள கூடா இருக்கு, மார். அதான் சத்தத்தத் திங்குது. நாளைக்கு டெல்பர்ட் ரம்பம் கொண்டாரான். சுவர அறுத்துக் கம்பளி அடைச்சிட்டா முடிஞ்சுது. அப்புறம் நீ சொல்ற டாக்டர்கிட்ட போலாம், புதன்கிழமை."

அந்தச் சுவரில் அவளுடைய அம்மாவின் பீங்கான் அலமாரி இருந்தது. ஆனால் அவளுக்கு அலமாரி ஒரு பொருட்டாகவே படவில்லை. இரவெல்லாம் அவள் படுக்கையில் கணக்குப் போட்டாள். பன்னிரண்டு, பதினாறு. பன்னிரண்டு, பதினாறு.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டெல்பர்ட் நைகார்ட் வந்து இறங்கினான். சங்கத்து ஆள், முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். தோள்கள் இரண்டும் பஸ் அகலம். ஒரு கையில் மின்ரம்பம், இன்னொரு கையில் அவன் வீட்டுக்காரி கொடுத்துவிட்ட எலுமிச்சை இனிப்புக்கட்டித் தட்டு. வானம் அலுமினியத் தகடு மாதிரி கீழே இறங்கியிருந்தது. மார்லிஸ் காருக்குள் போர்வை, மண்வாரி, ஆர்விட்டின் மேல்கோட்டு மூன்றையும் ஏற்கெனவே வைத்துவிட்டாள். பன்னிரண்டரைக்குக் கிளம்பியாக வேண்டும்.

அறுப்பதற்கு முன்னால் ஒரு தரம் நீயே கேட்டுப் பார் என்று ஆர்விட் டெல்பர்ட்டைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தான். சங்கத்தில் அது பெரிய மரியாதை. பாட்டு ஓடியது. மார்லிஸ் பாட்டைக் கேட்கவில்லை. டெல்பர்ட்டின் முகத்தைக் கேட்டாள். இந்தப் பத்து நாளில் ஆர்விட் இடது பேனலை இஞ்சு இஞ்சாக நாற்காலிப் பக்கம் நகர்த்தியிருந்தான், ஊமையைக் கொஞ்சம் பேச வைக்க. அதனால் டெல்பர்ட்டின் தலை, காற்றடித்த புல் மாதிரி, இடப்பக்கத்திலிருந்து லேசாகப் பின்வாங்கியது. அவன் ஆர்விட்டைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்தான். "ஆமாடா, இடது கொஞ்சம் வத்தலாத்தான் இருக்கு" என்றான்.

மார்லிஸ் அவனைக் காபி ஊற்றுகிற சாக்கில் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். உண்மையைச் சொல் என்றாள். டெல்பர்ட் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், எலுமிச்சை இனிப்பைப் பார்த்தான்.

"இடது அருவியாக் கொட்டுது, மார்லிஸ். என் காதே வலிக்குது."

"அப்ப ஏன் அப்படிச் சொன்ன?"

"அவன் வீடு, அவன் நாற்காலி. வீட்டுக்காரன் நாற்காலியில ஒக்காந்தா வீட்டுக்காரன் காதுதான் பேசணும். அது நம்ம சங்கத்து வழக்கம்."

அவள் காதைப் பற்றி, நர்ஸைப் பற்றி, பதினாறாம் நாளைப் பற்றி எல்லாவற்றையும் இரண்டு மூச்சில் சொன்னாள். டெல்பர்ட்டின் முகம் வெளுத்தது. அவனிடம் போய் நீ சொல், உன் பேச்சைக் கேட்பான் என்று கெஞ்சினாள். டெல்பர்ட் பஸ் ஓட்டிய காலத்தில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸிலிருந்து நாற்பது பிள்ளைகளை இறக்கியவன். அப்படிப்பட்டவன், ஆர்விட்டின் காது கெட்டுப்போனது என்று ஆர்விட்டின் முகத்துக்கு நேரே சொல்லத் தன்னால் ஆகாது என்று கையைப் பிசைந்தான். வேண்டுமானால் ரம்பத்தின் பிளேடை முறித்துவிட்டேன் என்று பொய் சொல்லட்டுமா என்று கேட்டான்.

பதினொன்று ஐம்பது. ஜன்னலுக்கு வெளியே முதல் பனித்துகள்கள் படுக்கைவாட்டில் பறக்க ஆரம்பித்தன. நேராக விழுகிற பனி விருந்தாளி. படுக்கைவாட்டில் வருகிற பனி ஜப்தி செய்ய வருகிறவன்.

தூசி பரவாமல் பேனல் மேல் போர்த்தப் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டும் என்று ஆர்விட் டெல்பர்ட்டை அழைத்துக்கொண்டு காரேஜுக்குப் போனான். மார்லிஸ் அறையில் தனியாக நின்றாள். சுவரில் பென்சிலால் கட்டம் போட்டிருந்தது, கல்லறைக்கு அளவெடுத்த மாதிரி. ரம்பம் தரையில், அதன் வயர் சொருகப்பட்டுத் தயாராக.

கேபிளை மாற்றினான். வால்வை மாற்றினான். பேனலைக் குளிப்பாட்டினான். பேனலையே இடம் மாற்றினான். இப்போது சுவரை மாற்றப்போகிறான். இந்த அறையில் அவன் மாற்றிப் பார்க்காதது என்ன மிச்சம் இருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பார்வை அறையின் நடுவில் வந்து முட்டியது.

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். கல்யாணம் ஆகி நாற்பத்து நான்கு வருஷத்தில் அவள் ஆர்விட்டை ஏமாற்றியதில்லை, அவன் கடிதத்தைப் பிரித்ததில்லை. இது அதைவிடப் பெரிய குற்றமாகப் பட்டது. இழுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக ஆணிகளோடு குடித்தனம் நடத்திய நாற்காலி வர மறுத்தது. இடுப்பைக் கொடுத்து இழுத்தாள். மரத்தரையில் 'க்ரீச்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கனடா வரை கேட்டிருக்கும். காரேஜில் இருந்த ஆர்விட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. அரைவட்டம் சுற்றி, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டியபடி, அதே நான்கு ஆணிகளில் கால்களைக் கச்சிதமாகப் பொருத்தினாள். தரையில் பிறைநிலா மாதிரி ஒரு கீறல் விழுந்திருந்தது.

ஆர்விட் விரிப்போடு உள்ளே வந்தான். நாற்காலியைப் பார்த்தான். பின்னால் வந்த டெல்பர்ட் அவன் முதுகில் மோதி நின்றான், அவனும் பார்த்தான், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். அவன் லூத்தரன் சபைக்காரன், அவர்கள் வழக்கத்தில் அது கிடையாது.

"யாரு செஞ்சா இத?" என்று ஆர்விட் கேட்டான். குரல் மெலிதாக இருந்தது.

"நான்தான். ஒக்காரு."

"முதுகக் காட்டிட்டா? எவனாவது ஸ்பீக்கருக்கு முதுகக் காட்டிட்டு ஒக்காருவானா? டெல்பர்ட், சொல்லுடா இவகிட்ட."

டெல்பர்ட் விரிப்பின் மடிப்பை எண்ணிக்கொண்டிருந்தான்.

மார்லிஸ் குரலை உயர்த்தவில்லை. வலப்பக்கமாக நகர்ந்து வந்து, அவனுக்குக் கேட்கிற இடத்தில் நின்றுகொண்டாள். "ஒரே ஒரு பாட்டு, ஆர்விட். கண்ண மூடிக்க. எப்பவும்போலக் குரல் எங்க நிக்குதுன்னு விரலால காட்டு. விரல் வலது பேனலக் காட்டிச்சுன்னா, இடதுதான் ஊமை. அந்த ரம்பத்த நானே பிடிச்சுச் சுவர அறுக்கிறேன், எங்கம்மா அலமாரியோட சேத்து. டாக்டர்ங்கிற வார்த்தையே என் வாயில வராது, சாகிற வரைக்கும்."

பேனலைக் குளிப்பாட்டுகிறவனால் சோதனையை மறுக்க முடியாது. அதுதான் அவன் குலதெய்வம். ஒன்றை மாற்று, மற்றதை அப்படியே விடு, கேள். இதை அவனே சங்கத்தில் நூறு தரம் மேஜையைத் தட்டிச் சொல்லியிருக்கிறான். இருந்தாலும் அவன் அசையவில்லை. கடிகாரம் பன்னிரண்டு ஐந்தைத் தாண்டியது. ஜன்னலில் ஏரி மறைந்துவிட்டது, வேலி மறைந்துகொண்டிருந்தது.

கடைசியில் போய் உட்கார்ந்தான். ஆளே அரை ஆளாகச் சுருங்கியிருந்தான். எதிரே வெறும் ஜன்னல் திரை. கண்ணை மூடினான். மார்லிஸ் பாட்டைப் போட்டாள்.

அந்தப் பெண்ணின் குரல் எழுந்தது. செல்லோ அவளுக்குக் கீழே மெதுவாக வந்து தோள் கொடுத்தது. ஆர்விட்டின் தலை வலப்பக்கமாகச் சாய்ந்தது, கேட்கிற திசையை நோக்கி. வலது கை எழுந்தது. விரல் நீண்டு, தோளுக்கு மேலாக, பின்னால், வலப்பக்கமாக உறுதியாக ஒரு இடத்தைக் காட்டியது. அங்கேதான் குரல் நிற்கிறது, சந்தேகமே இல்லை என்கிற உறுதி.

"கண்ணத் தொறந்து பாரு" என்றாள் மார்லிஸ்.

அவன் உடம்பைத் திருப்பித் தன் விரலைப் பின்தொடர்ந்து பார்த்தான். விரல் முனையில் இடது ஸ்பீக்கர் நின்றுகொண்டிருந்தது. பன்னிரண்டு நாளாக ஊமை என்று பெயர் வாங்கி, குளிப்பாட்டப்பட்டு, வேகவைக்கப்பட்டு, கழற்றி மாட்டப்பட்ட அதே இடது. அது அருவியாகப் பாடிக்கொண்டிருந்தது. வலதுதான் இப்போது செத்துக் கிடந்தது, அதன் மேல் யாரும் விரலைக்கூட வைக்காமலே.

பாட்டு முடிந்தது. விரல் அந்தரத்திலேயே நின்றது. அப்புறம் ஆர்விட் அந்த விரலை மெல்லத் தன் வலது காதுக்குள் வைத்து அழுத்தினான். அடுத்த பாட்டு ஆரம்பித்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்து, அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று மார்லிஸ் தெரிந்துகொண்டாள். விரலை எடுத்தான்.

"போன வாரமே தெரியும்னு நெனைக்கிறேன், மார்" என்றான். "தெனமும் கை காதுகிட்ட வரைக்கும் போகும். போயி திரும்பிடும். பேனல்னா புதுசு வாங்கலாம்."

டெல்பர்ட் குனிந்து ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கி வயரைச் சுற்ற ஆரம்பித்தான். தன் டிரக்கின் முன்னால் பனி தள்ளும் அலகு மாட்டியிருப்பதாகவும், தான் முன்னால் தள்ளிக்கொண்டு போனால் அவர்கள் கார் பின்னாலேயே வந்துவிடலாம் என்றும் வயரிடம் சொன்னான். மார்லிஸ் ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பேனல்களின் பிளக்கைப் பிடுங்கினாள். பன்னிரண்டு இருபத்தைந்து.

அந்த இருபத்தேழு மைலும் இருபத்தேழு வருஷம். காற்று ஏரியைத் தூக்கிக் கண்ணாடி மேல் வீசியது. முன்னால் டெல்பர்ட் டிரக்கின் இரண்டு சிவப்பு விளக்குகள்; அவை தெரிந்தால் ரோடு இருக்கிறது, தெரியாவிட்டால் ஏரி இருக்கிறது. இரண்டு தரம் விளக்குகள் மறைந்தன. இரண்டு தரமும் மார்லிஸ் மூச்சை நிறுத்தி, அவை திரும்ப முளைத்த பிறகுதான் விட்டாள். ஆர்விட் பக்கத்து இருக்கையில். அந்த ஊர்க் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம்; அவள் பக்கம் இருந்தது அவன் இடது காது.

அது அவளுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது. உறைத்ததும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, நாற்பத்து நான்கு வருஷத்தில் மிச்சம் வைத்திருந்த திட்டை எல்லாம் நிதானமாக, ஒன்று விடாமல், அந்தக் காதிலேயே கொட்டினாள். கரிந்துபோன பன்றித்தொடையில் ஆரம்பித்தாள். பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு வந்தபோது குரல் உடைந்தது. எனக்குப் பயமா இருக்குடா மடையா என்றாள்.

ஆர்விட் தலையை முழுசாகத் திருப்பினான். "என்னமோ சொன்னியா?"

"ரோட்டப் பாருன்னேன்."

"நீதான ஓட்ற."

டுலூத் மருத்துவமனை வாசலில் டெல்பர்ட் டிரக்குக்குப் பின்னால் அவர்கள் கார் வந்து நின்றபோது மணி ஒன்று ஐம்பது. இருபது நிமிஷம் தாமதம். வரவேற்பு மேஜைப் பெண் புயலைக் காட்டி, டாக்டர் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கிறார், இன்றைக்கு எல்லாரும் சீக்கிரம் கிளம்புகிறோம் என்றாள். மார்லிஸ் மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றி, பன்னிரண்டாம் நாள் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெண் அவள் கண்ணிமையில் இன்னும் உருகாமலிருந்த பனியைப் பார்த்தாள். எழுந்து உள்ளே ஓடினாள். ஒரு நிமிஷத்தில் டாக்டர் கோட்டைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

முதலில் சோதனை. தடித்த கதவு போட்ட ஒரு சின்ன அறை, கண்ணாடி ஜன்னல். ஆர்விட்டை உள்ளே உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். மார்லிஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சோதிக்கிற பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அவன் கட்டைவிரல் தெரிந்தது.

வலது காது. கட்டைவிரல் மரங்கொத்தியாகக் கொத்தியது. அந்தப் பெண் பாராட்டுவது போலப் புருவத்தை உயர்த்தினாள். பிறகு குமிழைத் திருப்பி இடது காதுக்கு மாற்றினாள்.

கட்டைவிரல் நின்றது. அந்தப் பெண் ஒரு படி ஏற்றினாள். நின்றது. இன்னொரு படி. ஆர்விட் கண்ணை மூடியிருந்தான். அவன் இப்படி உயிரைக் கொடுத்துக் கேட்டதை நாற்காலியில்கூட மார்லிஸ் பார்த்ததில்லை. இன்னொரு படி. தன் கட்டைவிரலும் எதையோ அழுத்திக்கொண்டிருப்பதை மார்லிஸ் உணர்ந்தாள். கைப்பையின் பித்தளைக் கொக்கி சதையில் பதிந்திருந்தது. இன்னொரு படி.

கட்டைவிரல் இறங்கியது.

இறங்கி, அவனே நம்பாத மாதிரி அப்படியே நின்றது. அந்தப் பெண் அடுத்த ஒலியைக் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து மறுபடி இறங்கியது. தாளில் இரண்டு சின்னக் குறிகள் விழுந்தன, எங்கோ அடியில்.

டாக்டர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஆர்விட்டின் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தார். "ரொம்பக் கீழ போயிருக்கு. ஆனா போயே போயிடல. எவ்வளவு திரும்பும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். சிலருக்குப் பாதி, சிலருக்கு ஒண்ணுமே இல்ல. புதன்கிழமை வந்திருந்தா இந்தப் பேச்சே இல்ல. மாத்திரையும் தரேன், காதுக்குள்ள ஒரு ஊசியும் போடறேன், இப்பவே."

ஊசி போட்டபோது ஆர்விட்டின் கால் கட்டைவிரல்கள் காலுறைக்குள் சுருண்டன. பிறகு வலப்பக்கமாகப் படுக்க வைத்தார்கள், இடது காது மேலே பார்த்தபடி. மருந்து உள்ளே ஊற அரை மணி நேரம். பேசக் கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது, அசையக் கூடாது. நல்ல காது தலையணையில் புதைந்திருந்தது. கெட்ட காதில் மருந்து. இந்த உலகத்தில் எந்தச் சத்தமும் போக அவனுக்குள் வழியில்லை.

மார்லிஸ் முக்காலியை இழுத்துப்போட்டு, அவன் கண்ணுக்கு நேரே முகம் வருகிற மாதிரி குனிந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருந்தது போல. அவன் கட்டிலின் மேலிருந்த கையால், சுட்டுவிரலை ஒரு மயிரளவு அசைத்து, உள்ளே, உள்ளே என்று காட்டினான். அவள் நகர்ந்தாள். போதும் என்று விரல் நின்றது.

இன்னும் எவ்வளவு நேரம் என்று புருவத்தால் கேட்டான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டு கையையும் இரண்டு தரம் விரித்து, அப்புறம் ஆறு விரலைக் காட்டினாள். இன்னும் இருபத்தாறு நிமிஷம். அவன் கண்ணை மூடவில்லை. ஒரு நிமிஷம் கழித்து அவள் மறுபடி இரண்டு கையையும் இரண்டு தரம் விரித்து, ஐந்து விரலைக் காட்டினாள்.